மூடியை யார் தூக்குவது?

அம்மாவுக்கு முடக்குவாதம். பதினோரு வருஷமாக இருக்கிறது. காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, சாமி கும்பிடுகிற மாதிரி தூக்கித்தான் குடிப்பாள். கோவில்பட்டியில் தனியாக இருந்தவளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே, வட கரோலினாவின் சார்லட்டுக்கு, கூட்டி வந்தோம். முதல் டிசம்பரிலேயே அவள் மூட்டுகள் எங்களைத் திட்ட ஆரம்பித்தன. டல்லஸில் இருக்கும் அண்ணன் போனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "டேய், ஒரு ஹாட் டப் வாங்கிப் போட்டுரு. தெரபிக்கு நல்லது. பாதிக் காசு நான் போடுறேன்."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை நெடுஞ்சாலையோர ஷோரூம் ஒன்றுக்குப் போனோம். விற்பனையாளர் தங்கமான மனுஷன். அம்மாவுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு நாற்பத்தைந்து நிமிடம் என்னிடம் பேசினார். ஐம்பத்திரண்டு ஜெட், ஆறு இருக்கை, எல்.ஈ.டி. விளக்கு, கழுத்துக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று என்று தனித்தனி மசாஜ். விலை பதினோராயிரம் டாலர். நானும் தலையாட்டிக்கொண்டே ஜெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து வந்து, மூடி போட்டிருந்த ஒரு தொட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். நான்கு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கிகள். அதில் ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"ஏல, இந்த மூடிய யாருல தூக்குறது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தவறியதைப் பற்றியது. என் குற்றச்சாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சிகிச்சைக்கு" என்று சொல்லி விற்கப்படும் ஹாட் டப், அதை விற்கிறவனையும் வாங்கிக் கொடுக்கிற மகனையும் மனதில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. நோயாளி அந்தப் பேச்சுவார்த்தையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மூன்றாவது ஆள்.

*

கதை இப்படித் தொடங்கவில்லை என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம். ஜக்கூசி என்பது முதலில் ஒரு குடும்பப் பெயர். இத்தாலியின் வடகிழக்கிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்க வந்த சகோதரர்கள். விமானத்துக்குப் புரொப்பல்லர் செய்தார்கள், விமானமே செய்தார்கள். 1921இல் அவர்கள் விமானம் விழுந்து ஒரு சகோதரர் இறந்துபோக, வானத்தை விட்டுவிட்டுக் கிணற்றுக்கு இறங்கினார்கள். விவசாயக் கிணறுகளுக்கான ஜெட் பம்ப்பில் பெயர் எடுத்தார்கள். நம் ஊரில் போர்வெல் போட்ட வீடுகளில் இன்றும் சொல்கிறோமே, அதே ஜெட் பம்ப்தான். கோவில்பட்டி கரிசலில் பம்ப் செட் பார்த்து வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது ஒரு சொந்தக்கார உணர்வு வந்தது.

கடைசிச் சகோதரர் கேண்டிடோவின் மகன் கென்னத்துக்குக் குழந்தையிலேயே மூட்டுவாதம் வந்தது. மருத்துவமனையில் நீர் சிகிச்சை கொடுத்தபோது பையனுக்கு வலி குறைந்தது. ஆனால் தினமும் மருத்துவமனைக்குப் போக முடியாது. 1940களின் இறுதியில் அந்த அப்பா என்ன செய்தார்? வீட்டில் ஏற்கெனவே இருந்த குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கிற மாதிரி ஒரு சின்ன பம்ப் செய்தார். அவ்வளவுதான். தொட்டி பழையது, தண்ணீர் அன்றைக்குப் பிடித்தது, குளித்து முடித்தால் சாக்கடைக்குப் போய்விடும். கருவி நோயாளி இருக்கிற இடத்துக்கு வந்தது.

பிறகு நடந்தது எல்லாக் கண்டுபிடிப்புகளுக்கும் நடப்பது. 1950களில் அது கடைக்கு வந்தது. 'குவீன் ஃபார் எ டே' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், களைத்துப்போன இல்லத்தரசிகளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1968இல் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்காரரான ராய் ஜக்கூசி, ஜெட்டுகளைச் சுவருக்குள்ளேயே பதித்து ஒரு தொட்டியைக் கொண்டுவந்தார். பெயர், 'ரோமன் பாத்'. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது பாருங்கள். குழந்தையின் முழங்காலில் தொடங்கியது இருபது வருஷத்தில் ரோம் சக்கரவர்த்தியின் குளியலறைக்குப் போய்விட்டது. அங்கிருந்து கொல்லைப்புறத்துக்கு, ஒயின் கிளாஸுக்கு, ஆறு இருக்கைக்கு. இப்போது அந்த ஆறு இருக்கைத் தொட்டியின் பக்கவாட்டில் மறுபடியும் 'தெரபி' என்று ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி விற்கிறார்கள்.

*

சரி, வெந்நீர் வலிக்கு நல்லதா, இல்லையா? நல்லதுதான். அதை மறுக்கிற ஆள் நானில்லை. ஆனால் எது நல்லது, எவ்வளவு நல்லது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று சூடு: இறுகிய தசை இளகும், காலை நேரத்து விறைப்பு குறையும். இரண்டாவது மிதப்பு: இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் காலுக்கு வரும், கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. தரையில் மடங்காத முழங்கால் தண்ணீருக்குள் மடங்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சலிக்கிற காக்ரேன் அமைப்பு 2016இல் 13 ஆய்வுகளைப் பார்த்துச் சொன்னது இதைத்தான்: முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தண்ணீருக்குள் செய்யும் உடற்பயிற்சி வலியைக் கொஞ்சம் குறைக்கிறது, குறுகிய காலத்துக்கு. 'உடற்பயிற்சி', 'கொஞ்சம்', 'குறுகிய காலம்'. மூன்று வார்த்தையையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அதுவும் தேய்மானத்துக்கு. அம்மாவுக்கு இருக்கிற முடக்குவாதம் வேறு நோய். அதற்கு ஊறல் குளியல் பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று 2015இல் அதே அமைப்பு எழுதியது.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் போலியோ வந்து கால்கள் போயின. 1924இல் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குப் போனார். பிடித்துப்போய் 1926இல் அந்த இடத்தையே வாங்கினார், மற்ற போலியோ நோயாளிகளும் வந்து பயிற்சி எடுக்க நிறுவனம் அமைத்தார். 1945இல் அங்கேயே இறந்தார். அந்த ஊற்றுத் தண்ணீரின் வெப்பம் எவ்வளவு தெரியுமா? 88 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது 31 செல்சியஸ். மே மாதம் கோவில்பட்டி மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும்! அங்கே நோயாளிகளுக்கு உதவியது கொதிப்போ குமிழியோ இல்லை. காலைப் பிடித்து அசைக்கச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருந்தார், அசைக்கத் தண்ணீரில் இடம் இருந்தது. அப்படியும் ரூஸ்வெல்ட் பிடிமானம் இல்லாமல் மறுபடி நடக்கவே இல்லை.

இப்போது ஷோரூம் தொட்டிக்கு வாருங்கள். ஆறு பேர் உட்கார வார்த்தெடுத்த இருக்கைகள். நடுவில் கால் வைக்கத்தான் இடம். அதில் நடக்க முடியாது, காலை நீட்டிச் சுழற்ற முடியாது. ஆய்வுகள் எதற்குக் கொஞ்சமாவது சாட்சி சொல்கின்றனவோ, அதைச் செய்ய முடியாதபடி வடிவமைத்துவிட்டு, அதற்குத் தெரபி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படுத்துக்கொள்ளும் இருக்கை என்று ஒன்று இருக்கிறது. அது இன்னும் மோசம். எடை குறைந்த வயதானவர் அதில் படுத்தால் மிதந்து நழுவுவார்.

*

இனி அந்த ஐம்பத்திரண்டு ஜெட்டுகள்.

கணக்கு ஒன்று போடுவோம். 1500 லிட்டர் தொட்டி. இங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 38க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 49 யூனிட் மின்சாரம் வேண்டும். சாதாரண பிளக்கில் செருகுகிற வகையில் ஹீட்டர் ஒன்றரை கிலோவாட்தான் இருக்கும். அப்படியானால் 32 மணி நேரம். திங்கள்கிழமை வலித்தால் செவ்வாய்க்கிழமை ராத்திரி குளிக்கலாம். தனியாக 240 வோல்ட் இணைப்பு இழுத்துப் பெரிய ஹீட்டர் போட்டாலும் எட்டு ஒன்பது மணி நேரம். அதனால்தான் யாரும் ஹாட் டப்பை அணைப்பதில்லை. தண்ணீரை மாற்றுவதும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தரம்தான்.

அதாவது குளியல் தொட்டி தண்ணீரைத் தூக்கி எறிகிறது. ஹாட் டப் அதை வளர்க்கிறது. உடம்புச் சூட்டில், மாதக்கணக்கில், மூடி போட்டு. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவுக்குப் பிடித்தது 25 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீர். அதைக் குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நுண்துளியாக மூச்சில் போனால்தான் நிமோனியா. நுண்துளியை உண்டாக்குவது எது? ஜெட்.

இது கற்பனை பயம் இல்லை. 1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி. அங்கே விற்பனைக்குக் காட்சி வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து பரவி 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொட்டிக்குள் இறங்கியவர்கள் இல்லை. பூப் பார்க்க வந்து பக்கத்தில் நடந்து போனவர்கள். 2019 செப்டம்பரில், எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில், ஃபிளெட்சர் என்ற ஊரில் நடந்த சந்தையில் அதே கதை. காட்சிக்கு வைத்த ஹாட் டப்புகள், நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள், நான்கு சாவு.

பராமரித்தால் வராது, உண்மை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிற அளவு: குளோரின் குறைந்தது 3 பி.பி.எம்., பி.எச். 7.0 முதல் 7.8 வரை. சூடான தண்ணீரில் குளோரின் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் அடிக்கடி சோதிக்க வேண்டும். வடிகட்டியைக் கழுவ வேண்டும். ஹாட் டப் வாங்குவது ஃபிரிட்ஜ் வாங்குகிற மாதிரி இல்லை, மாடு வாங்குகிற மாதிரி. ஊருக்குப் போனால்கூடப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

இன்னொன்று. முடக்குவாதத்துக்கு அம்மா எடுப்பது மெத்தோட்ரெக்சேட். உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கட்டிப்போட்டுத்தான் அந்த மருந்து மூட்டைக் காப்பாற்றுகிறது. ஆக, அழுக்கான வெதுவெதுப்புத் தண்ணீர் யாருக்கு அதிக ஆபத்தோ, அவரிடமேதான் இந்தத் தொட்டியைச் சிகிச்சை என்று விற்கிறார்கள். ஷோரூமில் அந்த நல்ல மனுஷன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "அம்மா என்ன மருந்து சாப்பிடுறாங்க?" கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லையே.

*

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர் கையைத் தட்டிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். "இதுக்குத்தான் சொல்றோம் தோழர், நம்ம பாட்டி வைத்தியம் போதும். நொச்சி இலை போட்டு வெந்நீர் வெச்சுக் குளிச்சா வலி பறந்துடும். முதலாளித்துவத் தொட்டியெல்லாம் எதுக்கு?"

உங்களிடம்தான் எனக்குப் பெரிய சண்டை.

அந்த நொச்சித் தண்ணீரை யார் காய்ச்சினார்கள்? எங்கள் வீட்டில் அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு முழங்கால் வலி. பதினெட்டு வருஷம் தினமும் காலையில் வெந்நீர். விறகடுப்பில் அண்டா வைத்து, கொதித்ததும் துணி சுற்றிப் பிடித்துத் தூக்கி, பின்கட்டு வரை நடந்து விளாவிக் கொடுத்தவள் என் அம்மா. அவள் வலது முன்னங்கையில் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது, அண்டா விளிம்பு பட்டது. உங்கள் பாட்டி வைத்தியத்தில் பாட்டி குளித்தாள். வைத்தியம் பார்த்தது மருமகள். கட்டுரைகளில் அவளை விட்டுவிட்டு இலையை மட்டும் எழுதுகிறோம்.

அந்த அம்மாதான் இன்று நோயாளி. அவளுக்கு வெந்நீரைவிட அதிகமாகத் தேவைப்படுவது ஒன்று இருக்கிறது: யாரையும் கேட்காமல் வெந்நீர் கிடைப்பது. "தண்ணி கொஞ்சம் வெச்சுத் தாரியாம்மா?" என்று மருமகளிடம் கேட்க அவளுக்கு வாய் வராது. அந்தக் கேள்வியின் எடை அவளுக்குத் தெரியும், பதினெட்டு வருஷம் மறுமுனையில் நின்றவள். ஹாட் டப்பின் உண்மையான வாக்குறுதி அதுதான், நான் ஒத்துக்கொள்கிறேன். எந்நேரமும் தயாராக இருக்கும் சூடு, யார் தயவும் வேண்டாம். அந்த வாக்குறுதியைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை.

ஆனால் தொட்டி அந்த வாக்கைக் காப்பாற்றுகிறதா? மூடி நுரைப் பலகையால் ஆனது. புதிதாக இருக்கும்போதே ஒரு பக்கம் பிடித்து மடக்கக் கைக்குப் பலம் வேண்டும், நாளாக ஆக ஈரம் ஏறி இன்னும் கனக்கும். குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்று கொக்கிகள். கொக்கி இருக்கத்தான் வேண்டும். ஆனால் விரல் மடங்காதவருக்கு அது பூட்டிய கதவு. தொட்டியின் விளிம்பு இடுப்பு உயரம், கிட்டத்தட்ட மூன்றடி. முழங்கால் தூக்க முடியாதவர் அதன் மேல் காலைப் போட்டு ஏறி, வழுக்கும் இருக்கையில் இறங்கி, குளித்து முடித்து, ஈர உடம்போடு மறுபடி ஏறி, ஜனவரிக் குளிரில் வீட்டுக்குள் நடக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் சூட்டிலிருந்து எழுந்ததும் தலை கிறுகிறுக்கும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவராக இருந்தால் தண்ணீர் சுடுவதே காலுக்குத் தெரியாது. ஆக, அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். முன்பு அண்டாவுக்குக் கேட்டது, இப்போது மூடிக்கு. நடுவில் பதினோராயிரம் டாலர் கைமாறியிருக்கிறது.

*

வயதானவரும் வெந்நீரும் என்ற விஷயத்தில் எனக்குத் தெரிந்து அதிகம் யோசித்திருப்பவர்கள் ஜப்பானியர்கள். அவர்களிடம் தொட்டிகளும் உண்டு, தொட்டிச் சாவுகளும் உண்டு. அங்கே 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் சாலை விபத்தில் இறப்பவர்களைவிட வீட்டுக் குளியல் தொட்டியில் மூழ்கி இறப்பவர்கள் அதிகம். அதனால் அரசின் நுகர்வோர் முகமை வருஷா வருஷம் சொல்கிறது: தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம், உடை மாற்றும் அறையை முதலில் சூடாக்குங்கள், இறங்கும் முன் வீட்டிலிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்த 'ஒரு வார்த்தை'யை நான் நிறைய நாள் யோசித்தேன். அது அனுமதி கேட்பது இல்லை, உதவி கேட்பதும் இல்லை. "குளிக்கப் போறேன்" என்று தகவல் சொல்வது. கேட்பவர் கையில் இருக்கும் வேலையை விட வேண்டியதில்லை. காதை மட்டும் திறந்து வைத்தால் போதும். அந்த நாட்டின் முதியோர் பராமரிப்புக் காப்பீடு, வீட்டைத் திருத்திக்கொள்ள 2 லட்சம் யென் வரையிலான செலவுக்கு உதவுகிறது. எதற்கு? கைப்பிடிக்கு, படி உயரத்தைக் குறைக்க, வழுக்காத தரைக்கு. ஜெட்டுக்கு இல்லை.

*

ஆகவே வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு என் கட்சியை நான்கு கேள்விகளாகச் சொல்கிறேன். இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும்.

முதலில், நோயாளி தானே ஏறி இறங்க முடியுமா? ஷோரூமில் காலித் தொட்டிக்குள் அவரை ஏறி இறங்கிக் காட்டச் சொல்லுங்கள், அன்றைக்கு வலி இருந்தால் இன்னும் நல்லது. அதில் தோற்கிற தொட்டியின் விலையைக்கூடக் கேட்காதீர்கள். இரண்டாவது, மூடி. தூக்கிக் கொடுக்கும் இயந்திரக் கை உண்டா, கொக்கி அவர் விரலுக்குத் திறக்குமா? மூன்றாவது, உள்ளே காலை அசைக்க வெறும் தரை இருக்கிறதா? இருக்கை குறைய இடம் கூடும். நான்காவது, தண்ணீரை யார் சோதிப்பார்கள், அவர் ஊரில் இல்லாதபோது யார்? பெயர் சொல்ல முடியவில்லையென்றால் வாங்காதீர்கள்.

வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. வயதானவருக்கு 37, 38 போதும். மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். பால்கனியில் வைக்கலாமா என்று கேட்கும் சென்னை நண்பர்களுக்கு: தண்ணீரும் தொட்டியும் நான்கு ஆட்களும் சேர்ந்தால் இரண்டு டன். சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல். இந்தியத் தரக்குறியீடு வீட்டு பால்கனிக்குக் கணக்கில் எடுப்பது ஏறத்தாழ 300 கிலோ. கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு குடம்கூட ஊற்றாதீர்கள்.

இந்த நான்கிலும் ஜெயிக்கிற வீடுகள் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர், கட்டடத் தொழிலாளி, முதுகு போனவர். தொட்டியைத் தரைக்குள் பாதி புதைத்து, பக்கத்தில் இரும்புக் கைப்பிடி நட்டு, தினமும் தூங்கும் முன் பதினைந்து நிமிடம் உட்கார்கிறார். ஆறு வருஷமாகக் குளோரின் அளவை நோட்டில் எழுதி வைக்கிறார். அவர் தொட்டி அவருக்குச் சிகிச்சைதான். ஏனென்றால் அது அவர் தனக்காகத் தேர்ந்தெடுத்தது.

நாங்கள் வாங்கவில்லை. அண்ணனுக்குக் கோபம். "காசு நான் தரேன்னு சொன்னேன்ல, உனக்கென்னடா?" என்றான். அவனுக்கு மூடியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவன் பங்கில் ஒரு பகுதியை அனுப்பினான். குளியலறையில் மூன்று கைப்பிடி, உட்கார ஒரு பலகை, 38 டிகிரியைத் தாண்டாத வெப்பக் கட்டுப்பாட்டுக் குழாய், நெம்புகோல் மாதிரி நீளமான கைப்பிடியோடு, முழங்கையால் தள்ளினால் திறக்கிற மாதிரி. வாரம் இரண்டு நாள் பொது நீச்சல்குளத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் வயதானவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக நீச்சல் உடை போட்டுக்கொண்டு, அதன் மேல் என் டிஷர்ட்டையும் போட்டுக்கொண்டு போகிறாள். வலி போய்விட்டதா? இல்லை. சில நாள் குறைகிறது, சில நாள் இல்லை. மூட்டு வீங்கிச் சிவந்திருக்கும் நாளில் வெந்நீர்ப் பக்கமே போவதில்லை.

ஆனால் இப்போதெல்லாம் காலை ஐந்தரைக்கு, நாங்கள் யாரும் எழும் முன், குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அதற்கு முன்னால் எங்கள் அறைக் கதவை முழங்கையால் ஒரு தட்டு.

"குளிக்கப் போறேன்ல."

நான் எழுந்திருப்பதில்லை. முழித்துக்கொண்டு படுத்திருப்பேன், தண்ணீர் நிற்கும் வரை.